ஒரே வீட்டில் நாலு மூட்டுவலி... ஒரே மாத்திரை போதுமா?

ஆருத்ரா தரிசனம் வந்துவிட்டால் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்பக்கச் சந்தில் வீடு. அதனால் தேருக்கு முதல் நாளே சொந்தக்காரர்கள் பெட்டி, படுக்கையோடு வந்து இறங்கிவிடுவார்கள். கடலூர் ஓ.டி.யிலிருந்து மாமா, பண்ருட்டியிலிருந்து சித்தி, பரங்கிப்பேட்டையிலிருந்து அத்தை. ஆயா எப்போதும் எங்களோடுதான்.

மூன்று வருஷத்துக்கு முந்தின மார்கழி அது. தேர் நிலைக்கு வந்து, சுவாமி ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போய், விடியற்காலை மகாபிஷேகம் பார்க்க ஊரே கிளம்பிக்கொண்டிருந்த நேரம். திருவாதிரைக் களி கிளறுவது எங்கள் வீட்டில் சித்தியின் பொறுப்பு. வேறு யாரையும் அடுப்புப் பக்கம் விடமாட்டார். அன்றைக்கு உருளியை அடுப்பில் ஏற்றிவிட்டு, கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீ கிளறு பாப்பா. எனக்கு விரல் மடங்கல."

திரும்பிப் பார்த்தேன். வெந்நீர்ச் சொம்பை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். விரல்களால் பிடிக்க முடியவில்லை.

கூடத்தில் வேறொரு கச்சேரி. ஆயா தரையில் உட்கார முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மாமா வலது காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் யாராவது வந்தாலே "தொடாதீங்க, தொடாதீங்க" என்று அலறினார். அத்தை தன் முழங்காலைத் தடவியபடி, "2006-ல சிக்குன்குனியா வந்த காலு, இன்னும் விடல" என்று வழக்கமான பாட்டை ஆரம்பித்தார்.

ஆயா சுருக்குப்பையிலிருந்து ஒரு வலி மாத்திரை அட்டையை எடுத்து, பிரசாதம் கொடுப்பதுபோல ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நாலு பேரும் வாங்கி விழுங்கினார்கள். நான் களி கிளறிக்கொண்டிருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

அந்தக் கூடத்தில் அன்றைக்கு இருந்தவை மூன்று தனித்தனி நோய்களும், ஒரு பழைய காய்ச்சலின் நினைவும். இது எனக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் சித்தியின் கை கொஞ்சம் கோணிவிட்டது. ஆயாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியும் வந்தது.

எல்லாம் வாதம்தான், ஆனால்...

நம்மிடம் சொல் இருக்கிறது. அதுதான் சிக்கலும். வாதம், மூட்டுவாதம், கீல்வாதம், முடக்குவாதம் என்று கைக்கு வந்ததைச் சொல்கிறோம். கீல் என்றாலே மூட்டுதான். அதனால் ஒரு புத்தகத்தில் கீல்வாதம் என்றால் தேய்மானம், இன்னொன்றில் யூரிக் ஆசிட் நோய். ஆங்கிலத்தில் ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்லிவிட்டாலும் தெளிவு வந்துவிடாது. மூட்டில் அழற்சி என்பதற்குமேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. அதற்குள் 100-க்கும் மேற்பட்ட வகைகள் அடங்கும்.

நல்லவேளையாக, நம் வீடுகளில் அதிகம் வருபவை சிலவே. அவற்றைப் பிரித்துப் பார்க்க, ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எந்த மூட்டு? ஒன்றா, பலவா? ஒரே ராத்திரியில் வந்ததா, மெல்ல வந்ததா? ஓய்வெடுத்தால் குறைகிறதா, கூடுகிறதா? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் உடம்பு இளகுகிறது?

இந்தக் கடைசிக் கேள்விதான் பல சமயம் பாதி வழக்கைத் தீர்த்துவிடுகிறது.

மாமாவின் கட்டைவிரல்

மாமாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். சிதம்பரம் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நண்பர் வீட்டில் விருந்து. இறால் தொக்கு, நெத்திலி வறுவல், கூடவே பியர். நடுராத்திரி 2 மணிக்கு வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டில் யாரோ ஆணி அடிப்பதுபோல விழித்துக்கொண்டார். விடிவதற்குள் மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை.

"ஆருத்ராவுக்கு வர்றவன் எறா தின்னுட்டா வருவான்? நடராஜர் குடுத்தாரு பாரு" என்றார் ஆயா.

நடராஜர் மேல் பழி போட வேண்டாம். இதன் பெயர் கவுட். ரத்தத்தில் கூடிப்போன யூரிக் ஆசிட், மூட்டுக்குள் ஊசி ஊசியான படிகமாகப் படிகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துச் சண்டை போடுகிறது. பெரும்பாலும் 30, 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபிறகு வரும். முதல் தாக்குதல் பெரும்பாலும் கால் கட்டைவிரலில்தான். சிகிச்சையே செய்யாவிட்டாலும் ஓரிரு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப வரும், இடைவெளி குறையும், ஒரு கட்டத்தில் மூட்டையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

மாமா மறுநாள் ரத்தம் கொடுத்தார். யூரிக் ஆசிட் சரியாக இருக்கிறது என்று வந்தது. "எனக்குக் கவுட் இல்லையாம், சுளுக்குதான்" என்று நொண்டியபடி சந்தோஷமாகக் கடலூர் திரும்பினார். தாக்குதல் நடக்கும்போது யூரிக் ஆசிட் அளவு சாதாரணமாகக் காட்டலாம் என்பது அவருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நான்கு மாதத்தில் மறுபடி வந்தது. அது அடங்கி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதுதான் அளவு எகிறியிருந்தது. பிரஷருக்காக அவர் சாப்பிட்டுவந்த, சிறுநீரை அதிகம் போகச்செய்யும் மாத்திரையும் யூரிக் ஆசிட்டை ஏற்றும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இதற்கு இரண்டு விதமான மருந்து. தாக்குதலை அடக்குவது ஒன்று, யூரிக் ஆசிட்டைக் குறைத்து அடுத்த தாக்குதலைத் தடுப்பது இன்னொன்று. அடக்குவதில் முக்கியமானது கோல்ச்சிசின். இந்தப் பொருள் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று தமிழ்நாட்டில் அந்தச் செடியைப் பயிரிட்டு விதையை விற்கிறார்கள். ஆனால் "இயற்கைதானே" என்று அந்தக் கிழங்கை யாராவது அரைத்துக் கொடுத்தால் வாயில் வைத்துவிடாதீர்கள். உயிரைக் குடிக்கும் விஷம் அது. தடுக்கும் மருந்தான அலோபியூரினால், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜெர்ட்ரூட் எலியன் என்ற இருவரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1988-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். தடுப்பு மருந்தை வலி இல்லாத நாளிலும் விடாமல் சாப்பிட வேண்டும். வலி போனதும் நிறுத்துவது மாமா மாதிரி ஆட்களின் வழக்கம்.

உணவில் பத்தியம் என்றால் நம்மூரில் முதலில் பருப்பையும் கீரையையும் நிறுத்துவார்கள். தேவையில்லை. பியர் உள்ளிட்ட மது, ஈரல் போன்ற உள்ளுறுப்புகள், ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி, இறால், சர்க்கரை போட்ட குளிர்பானம் இவைதான் பார்க்க வேண்டியவை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இன்னொன்று, வலியே வராமல் பரிசோதனையில் மட்டும் யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது கவுட் அல்ல. பெரும்பாலானவர்களுக்கு அதற்காக மாத்திரை தேவைப்படாது.

ஆயாவின் முழங்கால்

ஆயாவுக்கு 78. காட்டுமன்னார்கோவில் பக்கம் நடவு நட்ட காலம் முதல், ஊரில் பாதிப் பேருக்குக் களி கிண்டிப்போட்டது வரை எல்லாம் குந்தி உட்கார்ந்துதான். வலி பத்து வருஷமாக மெல்ல மெல்ல ஏறியது. மாடி ஏறினால், கீழே உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். முழங்காலை மடக்கினால் நறநறவென்று சத்தம் கேட்கும். காலையில் எழும்போது கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், ஆனால் காபி குடித்து முடிப்பதற்குள் இளகிவிடும். அந்தக் காபி நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதுதான் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ், மூட்டுத் தேய்மானம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மெலிந்து போகிறது. முழங்கால், இடுப்பு, கை கட்டைவிரலின் அடி, விரல் நுனி மூட்டு ஆகியவற்றில் அதிகம். நகத்தை ஒட்டிய மூட்டில் பட்டாணி போல எலும்பு தடித்திருந்தால் அது பெரும்பாலும் இதுதான். காய்ச்சல் இருக்காது. ரத்தப் பரிசோதனையில் அழற்சி பெரிதாகக் காட்டாது.

தேய்மானம் என்ற சொல் ஒரு கெடுதல் செய்கிறது. டயர் தேய்ந்தால் ஓட்டக்கூடாது என்பதுபோல, நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து எல்லோரும் நாற்காலியில் ஒட்டிக்கொள்கிறார்கள். நடக்கவே நடக்காவிட்டால்தான் தொடைத் தசை மெலிந்து, மூட்டு இன்னும் ஆடும். ஆயாவுக்கு உண்மையில் பலன் கொடுத்தது ஒரு சாதாரணப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, இறக்குவது. ஒரு காலுக்குப் பத்து முறை, காலை மாலை. ஆறு வாரம் திட்டிக்கொண்டே செய்தார். ஏழாவது வாரம் திட்டு நின்றது.

இன்னொரு விஷயம் ஊன்றுகோல். ஆயாவுக்கு அதிகம் வலிப்பது இடது முழங்கால். கோலையும் இடது கையில் பிடித்திருந்தார். தப்பு. வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் பாரம் பிரியும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் கைப்பிடி, வலித்தால் மேலே தடவும் ஜெல். இவ்வளவுக்கும் மீறி ராத்திரித் தூக்கமும் போய்விட்டால்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு. பிரதமராக இருக்கும்போதே வாஜ்பாய் 2000-ல் இடது முழங்காலையும், 2001-ல் வலது முழங்காலையும் மும்பையில் மாற்றிக்கொண்டார். அதன்பிறகு நம்மூரிலும் இந்த அறுவை சிகிச்சை மீதான பயம் கொஞ்சம் குறைந்தது என்று நினைக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இதற்குக் கேட்டுப் பார்க்கலாம்.

அத்தையும் அந்தக் கொசுவும்

சிக்குன்குனியா என்ற பெயர் ஆப்பிரிக்காவின் மகொண்டே மொழியிலிருந்து வந்தது. வளைந்து போவது என்று பொருள். 1952-ல் இன்றைய தான்சானியா பகுதியில் முதலில் அடையாளம் காணப்பட்டது. 1963-ல் கொல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பரவி, பிறகு பல வருஷம் அடங்கிக் கிடந்து, 2005 கடைசியில் இந்தியாவுக்குள் திரும்பியது. 2006-ல் நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்திருக்கலாம் என்று அரசுக் கணக்கு சொன்னது. அந்த வருஷம் எங்கள் தெருவில் குனிந்து நடக்காத வீடே இல்லை.

காய்ச்சல் சில நாளில் போய்விடும். கணுக்கால், மணிக்கட்டு, விரல் வலி போகாது. நிறையப் பேருக்குச் சில வாரங்களில் சரியாகும். சிலருக்கு மாதக்கணக்கில், வெகு சிலருக்கு வருஷக்கணக்கில் நீளும். இரண்டு பக்கமும் வலி, காலையில் இறுக்கம் என்று பார்ப்பதற்கு முடக்குவாதம் போலவே இருக்கும். அதனால் காய்ச்சலுக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் மூட்டு வீங்கியிருந்தால் "சிக்குன்குனியா மிச்சம்" என்று நாமே தீர்ப்பு எழுதக்கூடாது. காய்ச்சல் நாளில் இன்னொரு எச்சரிக்கை. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

அத்தைக்கு அந்த வலி ஒன்றரை வருஷத்தில் போய்விட்டது. இப்போதிருப்பது 58 வயது முழங்காலின் தேய்மானம். ஆனால் எதிலும் பழைய கொசுவையே குற்றம் சொல்லிப் பழகியதால், எடையைக் குறைக்கச் சொன்ன யாரையும் இத்தனை வருஷமும் அவர் மதிக்கவில்லை.

சித்தியின் பதினான்கு மாதம்

இப்போது சித்திக்கு வருகிறேன். சொல்ல உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சித்திக்கு அப்போது 42 வயது. பண்ருட்டியில் சித்தப்பாவுக்குச் சின்ன முந்திரி வியாபாரம். சித்தியும் உட்கார்ந்து பருப்புக்குத் தோல் எடுப்பார். விரல் வலி ஆரம்பித்தபோது காரணம் கையிலேயே இருந்தது. "நாள் பூரா நகத்தால உரிச்சா வலிக்காதா?" இதை முதலில் சொன்னதும் சித்திதான்.

ஆனால் வலி அந்த இடத்தோடு நிற்கவில்லை. இரண்டு கையிலும் முஷ்டி எலும்பு மூட்டுகள், நடுவிரல் மூட்டுகள், மணிக்கட்டு. பிறகு காலடியில், செருப்பு போடும் இடத்தில் கூழாங்கல் மேல் நடப்பதுபோல. காலையில் எழுந்தால் பல் துலக்க பிரஷ் பிடிக்க முடியாது, ஜாக்கெட் ஊக்கு போட முடியாது. வெந்நீரில் கையை ஊறவைத்து, பிள்ளைகளின் ஸ்கூல் வேன் போனபிறகுதான் கை கையாகும். ஆயாவுக்குக் காபி நேரம், சித்திக்கு ஸ்கூல் வேன் நேரம். ஒரு மணி நேரத்துக்கும் மேல். வேலை செய்தால் கொஞ்சம் இளகும், சும்மா இருந்தால் இறுகும். ஆயாவுக்கு நேரெதிர். இதோடு எப்போதும் அசதி, லேசான உடம்புச் சூடு, எடை குறைவு.

இது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். நாம் முடக்குவாதம் என்பது பெரும்பாலும் இதைத்தான். மூட்டு தேய்வதால் வருவதல்ல இது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறிப்போய் மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. நூறு பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். எந்த வயதிலும் வரலாம், 30-க்கும் 50-க்கும் நடுவில் வருவது சகஜம். அதாவது வீட்டில் யாருக்கு நோய் வந்தால் கடைசியாக டாக்டரிடம் போவார்களோ, அவர்களுக்கு.

சித்தி போகாமல் இல்லை. ஓர் இடத்தில் கால்சியம் குறைவு என்றார்கள். ஓர் இடத்தில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே நன்றாகத்தான் இருக்கும். சேதம் தெரிய ஆரம்பித்தால் அது திரும்பிவராத சேதம். யாரோ சொல்லி வேறொரு ஊரில் பொட்டலம் பொட்டலமாகப் பொடி வாங்கினார். மூன்றே நாளில் வலி போன இடம் தெரியவில்லை. எல்லோருக்கும் அந்த வைத்தியர் தெய்வமானார். இரண்டு மாதத்தில் சித்தியின் முகம் நிலா மாதிரி உப்பியது, சர்க்கரை ஏறியது. பெயர் எழுதாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இப்படித்தான் ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இப்படியே பதினான்கு மாதம். ஆருத்ராவுக்குக் களி கிளற முடியாமல் நின்றது அதில் பத்தாவது மாதம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அறிகுறி தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரியான மருந்து ஆரம்பித்தால் நோயை அடக்கி வைப்பது எளிது என்று மருத்துவம் சொல்கிறது. அந்த மாதங்களைத்தான் நாங்கள் கால்சியத்துக்கும் பொடிக்கும் கொடுத்தோம். சித்தியின் வலது கை விரல்கள் இப்போது சுண்டுவிரல் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கின்றன. அது இனி நேராகாது. பிரெஞ்சு ஓவியர் ரென்வாருக்கும் இதே நோய்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கோணிய விரல்களுக்கு நடுவே தூரிகையைச் செருகித்தரச் சொல்லி, கடைசிவரை வரைந்தார். அவர் காலத்தில் மருந்து இல்லை. நம் காலத்தில் இருக்கிறது.

அந்த மருந்தை உருவாக்கிய குழுவை நடத்தியவர் நம் பக்கத்து மனிதர் என்பது எனக்குத் தெரிந்தபோது சிலிர்த்தது. எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உருவான மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். முதலில் புற்றுநோய்க்கு. பல பத்தாண்டு கழித்து, மிகக் குறைந்த அளவில், முடக்குவாதத்துக்கு முதல் மருந்தாக அமைந்தது. 1948-லேயே இறந்துபோன அவர் இதைப் பார்க்கவில்லை.

ஒரு ருமட்டாலஜி மருத்துவரிடம் போய்ச் சேர்ந்த அன்றே சித்தியின் கதை மாறியது. அவர் முதலில் செய்தது, விரல்களின் முஷ்டி மூட்டுகளைப் பக்கவாட்டில் லேசாகச் சேர்த்து அழுத்தியதுதான். சித்தி துள்ளிவிட்டார். கை குலுக்கினாலே வலிக்கிறது என்றால் கவனியுங்கள். பிறகு ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பரிசோதனைகள். ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்றும் இல்லை, நெகட்டிவ் என்பதாலேயே நோய் இல்லை என்றும் இல்லை. வீட்டுக்கு வந்த ரிப்போர்ட்டை நாமே படித்து அழவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

இந்த வட்டத்துக்கு வெளியே

எங்கள் வீட்டில் இல்லாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 20, 30 வயதுப் பையனுக்கு மாதக்கணக்கில் அடிமுதுகு வலி, விடியற்காலையில் வலியே எழுப்பிவிடுகிறது, நடந்தால் குறைகிறது என்றால் வண்டி ஓட்டியதால் என்று விட்டுவிடாதீர்கள். அது முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டு வீங்கினால் தோல் டாக்டரிடமே அதையும் சொல்லுங்கள். குழந்தைக்குத் தொண்டை வலி வந்து சில வாரத்தில் ஒரு மூட்டு மாற்றி ஒரு மூட்டு வீங்கினால் அது இதயத்தைத் தொடும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம்.

காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கி, சூடாகி, அசைக்கவே முடியவில்லை என்றால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கக்கூடும். அதற்கு நாளை என்று ஒன்று கிடையாது. அன்றே ஆஸ்பத்திரி.

வாரம் ஒரு மாத்திரை

சித்தி சிகிச்சை தொடங்கிய புதிதில் மாதாமாதம் எங்கள் வீட்டில் வந்து தங்குவார். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஃபோலிக் ஆசிட். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். எட்டு வாரம் வரை பெரிய மாற்றம் தெரியவில்லை. பொடி மூன்று நாளில் செய்த மாயம் எங்கே, இது எங்கே என்று சித்தப்பா முணுமுணுத்தார். பத்தாவது வாரம் சித்தி தானே ஜாக்கெட் ஊக்கைப் போட்டுக்கொண்டார்.

அதை ஆயா பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிட்ஜ் மேல் ஒரே டப்பாவில் எல்லோர் மாத்திரையையும் வைத்தது நான். "அவளுக்குக் கேக்குது, எனக்குக் கேக்காதா?" என்று ஆயா யாரிடமும் சொல்லாமல் அந்த மஞ்சள் மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்கியிருக்கிறார். ஐந்து நாள். ஆறாம் நாள் வாய் முழுக்கப் புண், ரசம்கூட இறங்கவில்லை. ஏழாம் நாள் காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. விஷமுறிவாக லூக்கோவோரின் ஊசி போட்டு, பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்தது ஆயாவின் நடவு நட்ட உடம்பு. எங்கள் புத்திசாலித்தனத்தால் அல்ல.

வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இந்த மாத்திரை இருந்தால் தனி டப்பா, அதன் மேல் கிழமை, எட்டாத அலமாரி.

ஆயா கொடுத்த பிரசாத மாத்திரைக்கும் ஒரு பின்கதை உண்டு. மாமா கவுட் வந்த ஒவ்வொரு முறையும் அதே வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவந்தார். பிரஷர் உள்ளவர். கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. வலி மாத்திரை வலியை மட்டும் அணைக்கும். எந்த நோய் என்று கேட்காது.

எங்கே போவது?

நம்மூரில் மூட்டு வலி என்றால் எலும்பு டாக்டர். தேய்மானத்துக்கும் அடிபட்டதற்கும் அது சரி. பல மூட்டுகளில் வீக்கம், காலை இறுக்கம் என்றால் பொது மருத்துவரிடம் காட்டி, ருமட்டாலஜி பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். நம் மாவட்டத்தவருக்கு முதல் படியாகக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்று நாம் சொல்லிவந்த, இப்போதைய அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் இந்த நோய்களுக்கென்றே கிளினிக்கல் இம்யூனாலஜி துறை உண்டு. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ருமட்டாலஜிக்குத் தனி நிலையம் உண்டு. போகும்போது வீங்கிய நாளில் எடுத்த போட்டோவை மொபைலில் கொண்டுபோங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வற்றிப்போவது மூட்டின் குணம்.

முடக்கத்தான் தோசை? தாராளமாகச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் உண்டு. மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

போன ஆருத்ராவுக்கும் எல்லோரும் வந்தார்கள். மாமா எலுமிச்சைச் சாறும் கையுமாக, மூன்று கிலோ குறைந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை இன்னும் கொசுவைத் திட்டினார். சித்தி களியைப் பாதிவரை கிளறிவிட்டு, கரண்டியைத் தன் மகளிடம் கொடுத்தார். கை வலித்ததா, மகள் கற்கட்டும் என்றா, கேட்கவில்லை.

சமையலறை காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறது, சித்தியின் மாத்திரைக்காக. ஆயா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கும் ஒரு வட்டம் போடேன்டி."

வியாழக்கிழமைக்குப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் மக்களைத் தேடி மருத்துவத்திலிருந்து பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் வருவார்.